விளம்பத் தெரியாதார் செய்யும் விளம்பரம்



உளி பிடிக்கத் தெரியாதவனை எவரும் தச்சன் என்று அழைப்பதில்லை. மண்ணின் பதம் அறியாதவன் வனைந்த பானை, அடுப்பில் ஏறிய அன்றே அவன் அறியாமையை ஊருக்குச் சொல்லிவிடும். உழவுக்கும் நெசவுக்கும் கொல்லுக்கும் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும் என்பதில் நம்முள் எவர்க்கும் ஐயமில்லை. தமிழில் எழுதுவதற்கு மட்டும் பழக்கம் வேண்டா, பயிற்சி வேண்டா, இலக்கணம் வேண்டா. தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்திருந்தால் போதும் என்னும் ஓர் இறுமாப்பு இற்றைத் தமிழ்நாட்டில் வேரூன்றிக் கிளைத்து நிற்கின்றது. ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுமுன் நாற்பது முறை அஞ்சும் தமிழன், தமிழில் நானூறு வரிகளை அச்சமின்றிக் கிறுக்குகின்றான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிழைபட்டால் நாணிக் கூசுகின்றவன், தமிழில் ஒரு தொடரே பிழைபட்டாலும், "பொருள் விளங்கினால் போதாதா?" என்று நம்மையே திருப்பிக் கேட்கின்றான்.

பொருள் விளங்குகின்றதா என்பதைத்தான் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அதற்கு நூலகம் செல்ல வேண்டா. தெருவிற்கு வந்து தலையை நிமிர்த்திச் சுவரையும் பலகையையும் பார்த்தாலே போதும்.

தெருவில் தொங்கும் தமிழ்

கோடை வந்துவிட்டால் சாலையோரங்களில் "மோர் கடை" என்னும் பலகைகளைக் காணலாம். மோர் விற்கும் இடமாயின் அது மோர்க்கடை. இடையில் ககர ஒற்று இல்லாத "மோர் கடை" என்பது ஏவல். வெயிலில் வாடி வருகின்றவனைப் பார்த்து, மத்தை எடுத்து மோரைக் கடையுமாறு அப்பலகை வேலை ஏவுகின்றது! அடுத்த தெருவில் "கீரை கடை". அங்கும் அதே ஏவல். ஓர் ஒற்றெழுத்தை இட்டுவிட்டால் பலகை எழுதுவோனின் வண்ணக்குழம்பு எத்துணைக் குறைந்துவிடும்? அவன் கஞ்சத்தனத்தால் அதனை விடவில்லை. அங்கே ஓர் எழுத்து இருக்க வேண்டும் என்பதையே அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. கற்பிக்க வேண்டிய பள்ளியின் வாயிலில் தொங்கும் பலகையிலேயே இரண்டு ஒற்றுகளைக் காணோம்!

"உங்கள் அருகாமையிலுள்ள கிளைக்கு வாருங்கள்" என்கின்றது மற்றொரு விளம்பரம். கல்லாமை என்றால் கற்காதிருத்தல். செல்லாமை என்றால் செல்லாதிருத்தல். அருகுதல் என்றால் குறைதல் என்பது நம் சொல்வழக்கு. எனின், அருகாமை என்றால் குறையாதிருத்தலே அன்றோ? அண்மை என்றும் அருகில் என்றும் குழந்தையும் சொல்லும் சொற்கள் இருக்க, எதிர்மறையை இழுத்து வந்து ஒட்டிக்கொண்டு, செந்தமிழ் எழுதிவிட்டதாகச் செருக்கித் திரிகின்றார்கள். "முயற்சித்துப் பாருங்கள்" என்பது இன்னொன்று. முயல் என்பது வினை. அவ்வினையிற் பிறந்த பெயர் முயற்சி. அப்பெயரை மீண்டும் வினையாக்கி 'முயற்சித்தான்' என்று எழுதுவோர், வளர்ந்தான் என்பதை 'வளர்ச்சித்தான்' என்றும், மகிழ்ந்தான் என்பதை 'மகிழ்ச்சித்தான்' என்றும் எழுதத் துணிவரா?

விழாக்காலங்களில் நாளிதழின் முதற்பக்கத்தை முழுமையாக விழுங்கிக்கொண்டு, "நம்பமுடியாத விலையில்!" என்று கொட்டை எழுத்தில் ஒரு தொடர் வரும். தமிழில் நம்பமுடியாத ஆள் என்றால் யார்? கைமாற்றுக் கொடுத்தால் திருப்பித் தராதவன். நம்பமுடியாத பேச்சு என்றால் எது? பொய். அங்ஙனமாயின், நம்பமுடியாத விலை என்று எழுதிய வணிகர், தம் விலையை நம்பவேண்டா என்று தாமே பல இலக்க உருவா செலவிட்டு ஊருக்கு அறிவித்திருக்கின்றார்! ஆங்கிலத்தில் வியப்பைக் குறிக்க வந்த ஒரு சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த விளைவு இது. பெயர்த்தவருக்கு ஆங்கிலமும் முழுமையாகத் தெரியவில்லை. தமிழோ தெரியவே இல்லை.

இவையெல்லாம் தமிழில் எழுத முனைந்து தவறியவை. முனையவும் மறுத்தவை வேறு. "உங்க ஸ்கின்னுக்கு இன்ஸ்டன்ட் க்ளோ" என்பது போன்ற தொடர்கள் நாள்தோறும் நம் செவியில் விழுகின்றன. இதில் தமிழ் எவ்வளவு? ஈற்றெழுத்தை இழந்து குறைப்பட்ட ஓர் 'உங்கள்'. நான்காம் வேற்றுமை உருபு ஒன்று. மூவாயிரம் ஆண்டு இலக்கிய வளம் உடையது என்று நாம் மேடைதோறும் முழங்கும் மொழிக்கு, அதன் சொந்தத் தெருவில் எஞ்சியது ஓர் உருபு!

"வெறும் விளம்பரந்தானே? அதற்குப் போய் இவ்வளவு சினமா?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். இற்றைத் தமிழ்நாட்டில் மிகுதியாகப் படிக்கப்படும் தமிழ் எது? திருக்குறளா? சிலப்பதிகாரமா? நாம் எழுதும் இவ்விதழா? இல்லை. பள்ளியை விட்டபின் ஒரு நூலையும் தொடாதவர்கள் நம் மக்களுள் பலர். அவர்களும் பேருந்தின் பின்புறத்தைப் படிக்கின்றனர்; வழலைக்கட்டியின் உறையைப் படிக்கின்றனர்; கைபேசியில் இடைமறித்து நிற்கும் வரியைப் படிக்கின்றனர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தை, முதன்முதல் தானாகப் படித்து மகிழ்வது கடைப்பலகையைத்தான். நாட்டில் மிகப் பெரிய தமிழாசிரியராக விளம்பரம் அமர்ந்துவிட்டது. அவ்வாசிரியருக்குத் தமிழ் தெரியாது என்பதே நம் முறையீடு.

விளம்புதல் என்றால் என்ன?

விளம்பு என்னும் சொல்லை நோக்குக. சொல்லுதல் என்பதும் பலரறியச் செய்தல் என்பதும் அதன் பொருள்கள். அதற்கு இன்னொரு பொருளும் உண்டு, பரிமாறுதல். குமரி மாவட்டத்தில் இன்றும் சோறு விளம்புகின்றார்கள். நம்மினின்று பிரிந்துபோன மலையாளத்திலும் அச்சொல் அப்பொருளிலேயே வழங்குகின்றது. உணவை இலையில் இடுவதையும் சொல்லைச் செவியில் இடுவதையும் ஒரே சொல்லால் குறித்த முன்னோரின் நுண்மாண் நுழைபுலத்தை என்னென்பது! பரிமாறுகின்றவன் உண்பவனின் முகம் பார்ப்பான். பசியறிந்து இடுவான். கல்லையும் உமியையும் களைந்து இடுவான். எவன் இலை என்று தெரியாமல் எதையோ அள்ளிக் கொட்டிவிட்டுப் போகின்றவன் விளம்புகின்றவன் ஆகான்.

விளம்பரக் கலையே மேலைநாட்டார் தந்தது என்று எண்ணுவோரும் இருக்கின்றனர். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், கள் விற்கும் இடத்திற்கு ஒரு கொடி. கற்றோர் சொற்போருக்கு அழைக்க ஒரு கொடி. துறையில் நிற்கும் கலங்களுக்கும் கொடி. அந்நகரத்து வணிகர், கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும், விலையை வெளிப்படச் சொல்லி விற்றனர் என்றும் அந்நூல் கூறுகின்றது. சிலப்பதிகாரத்து மதுரைப் பொற்கடைத் தெருவில் நால்வகைப் பொன் விற்றனர். எவ்வகைப் பொன் எங்குள்ளது என்று வாங்க வருவோர் கலங்காதவாறு, அவ்வவ்வகைக்குரிய கொடியை ஏற்றி வைத்தனர். வருவோரின் கலக்கத்தைத் தீர்ப்பதற்காகவே அன்று கொடி கட்டினர். இன்றோ, வருவோரைக் கலக்குவதற்காகவே விளம்பரம் எழுதுகின்றனர். ஓரத்தில் ஒரு சிறு உடுக்குறியிட்டு, எறும்பும் படிக்க இயலாத எழுத்தில் உண்மையைப் புதைத்து வைக்கின்றனர்.

அகநானூற்றின் 140-ஆம் பாடலில் ஓர் உமணப்பெண் வருகின்றாள். நெல்லுக்கு ஒப்ப உப்பு என்று சேரியில் விலைகூறிச் செல்கின்றாள். என்ன பொருள் விற்கின்றாள், அதற்கு என்ன கொடுக்க வேண்டும், எந்த அளவிற்குக் கொடுக்க வேண்டும் என்னும் மூன்றும் அவ்விரண்டு மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டன. பொய்யும் இல்லை, மிகையும் இல்லை. அவள் கூவிய தமிழை அச்சேரியில் விளங்கிக்கொள்ளாதவரும் இல்லை. பெரும்பொருள் கொடுத்து அமர்த்தப்படும் விளம்பர நிறுவனங்கள் அவள் காலடியில் அமர்ந்து பாடம் கேட்கட்டும்.

எழுதுவது ஏன் அரிது?

நன்றாக எழுதுதல் அரிது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆகவேதான் தொல்காப்பியர் மரபியலில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுத்துவைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில் பத்துக் குற்றங்களோடு பத்து அழகுகளையும் வகுத்தார். அவ்வழகுகளுள் முதலில் நிற்பது சுருங்கச் சொல்லல். அடுத்து நிற்பது விளங்க வைத்தல். இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை என்பதை எண்ணிப் பாருங்கள். சுருக்கினால் விளக்கம் குன்றும். விளக்கினால் சுருக்கம் கெடும். இவ்விரு மாடுகளையும் ஒரே நுகத்தில் பூட்டி ஏர் ஓட்டுவதே எழுத்துத் தொழில். திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், பயனில சொல்லாமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். குற்றமற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்களே பல சொற்களைச் சொல்ல ஆசைப்படுவர் என்னும் அவர் கருத்தை, இற்றை விளம்பரப் பலகை ஒவ்வொன்றின் கீழும் எழுதி மாட்டலாம்.

மேலைநாட்டுக்காரன் சொன்னால்தான் நம்புவேன் என்பாருக்கும் சான்று உண்டு. 1958-இல் இரோல்சு இராய்சு மகிழுந்துக்கு விளம்பரம் எழுதிய தேவிடு ஓகில்வி என்பார், எழுதுகோலைத் தொடுமுன் அவ்வண்டியைப் பற்றிய செய்திகளை மூன்று கிழமைகள் படித்துக்கொண்டிருந்தார். அங்ஙனம் படித்தபோது, அவ்வண்டி விரைந்து ஓடுகையில் அதன் உள்ளே மிகுதியாகக் கேட்பது கடிகையின் ஓசையே என்னும் செய்தி அவர் கண்ணிற் பட்டது. அதனையே தலைப்பாக்கினார். 'ஒப்பற்ற', 'ஈடிணையற்ற', 'உலகத் தரம் வாய்ந்த' என்று ஓர் அடைமொழியும் அத்தலைப்பில் இல்லை. 1959-இல் வோக்சுவாகன் என்னும் செருமானியச் சிறு மகிழுந்துக்காக அமெரிக்காவில் வந்த விளம்பரத்தின் தலைப்பு இரண்டே சொற்கள். இரண்டும் ஆங்கிலக் குழந்தை அறிந்த சிறு சொற்கள். ஆங்கிலேயனும் அமெரிக்கனும் தம் மொழியில் எளிய சொல்லைத் தேடித் தேடி எழுதிப் பொருள் ஈட்டுகின்றனர். அவர்களைப் பார்த்துத் தொழில் கற்றதாகச் சொல்லும் நம்மவர், அவர்கள் உழைப்பை விட்டுவிட்டு அவர்கள் சொல்லை மட்டும் கடன் வாங்குகின்றனர்.

தமிழுக்குக் கிடைப்பது கடைசி மாலை

தமிழ் விளம்பரம் எங்ஙனம் பிறக்கின்றது என்பதைத் தமிழர் அறிய வேண்டும். நாடு முழுவதற்குமான தொலைக்காட்சி விளம்பரங்களுள் பெரும்பாலானவை மும்பையில் பிறக்கின்றன. கருத்து ஆங்கிலத்தில் பேசப்படுகின்றது. உரையாடல் இந்தியில் எழுதப்படுகின்றது. நடிப்போரின் உதடுகள் இந்திக்கு அசைகின்றன. படம் முடிந்து, இசை முடிந்து, நாளும் குறித்தபின், இறுதியாக ஒரு மாலைப்பொழுதில் தமிழனைத் தேடுகின்றார்கள். அவனுக்கு அப்பொருளைப் பற்றிப் படிக்க மூன்று கிழமைகள் இல்லை. மூன்று மணி நேரமும் இல்லை. முப்பது நொடிக்குள் அடங்க வேண்டும். இந்திப் பெண் பகரத்திற்கும் மகரத்திற்கும் உதடு மூடும் இடத்தில் தமிழும் உதடு மூட வேண்டும். அவள் வாய் திறந்திருக்கும் வரை தமிழும் ஓயாமல் ஒலிக்க வேண்டும். கருத்து அவன் கருத்தன்று. நடை அவன் நடையன்று. மூச்சும் அவன் மூச்சன்று. அச்சு விளம்பரத்திலும் இதே நிலைதான். ஆங்கிலச் சொல்லின் அகலத்திற்குக் கட்டம் வரைந்து முடித்தபின், அதற்குள் தமிழைத் திணிக்கின்றார்கள். தமிழ்ச்சொல் நீளமானால் எழுத்தைச் சிறிதாக்கி நசுக்குகின்றார்கள். பிறகு, "தமிழ் இடத்தை அடைக்கின்றது" என்று தமிழின்மேல் பழி!

இப்பொழுது அந்த ஒரு மாலைக் கூலியையும் மிச்சப்படுத்தும் வழி வந்துவிட்டது. ஆங்கிலத் தொடரைக் கணிப்பொறியில் இட்டால், கண்ணிமைப்பதற்குள் தமிழ் கொட்டுகின்றது. அதனைப் படித்துப் பார்க்கத் தமிழறிந்த ஒருவரையும் வைக்காமல் அப்படியே அச்சேற்றுகின்றார்கள். பொறியின்மேல் நமக்குப் பகை இல்லை. கருவியை ஆள்வோன் தமிழறிந்தவனாக இருந்தால், அக்கருவி தமிழுக்கும் பணிசெய்யும். இங்கு ஆள்வோனே இல்லை என்பதுதான் கேடு.

இவ்விடத்தில் ஒரு செய்தியை ஆழ எண்ணுக. வடநாட்டு விளம்பரத் துறையும் ஒருகால் ஆங்கிலத்திலேயே நினைத்துப் பின்னர் இந்தியில் பெயர்த்துக் கொண்டிருந்தது. அந்நிலையை மாற்றி, மக்கள் தெருவிலும் வீட்டிலும் பேசும் இந்தியிலேயே விளம்பரத்தை நினைக்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் 2025-இல் மறைந்த பியூசு பாண்டே. தம் மொழியில் நினைத்தார், நாடறிந்தவர் ஆனார். அதில் நமக்கு அழுக்காறு இல்லை. அவர் தம் மொழிக்குச் செய்தது செய்யத்தக்கதே. ஆயினும் அந்த இந்தி நினைப்பின் பெயர்ப்புதான் தமிழ் வீட்டுக் கூடத்தில் வந்து விழுகின்றது. 1938-இலும் 1965-இலும் தெருவில் நின்று, சிறை புகுந்து, உயிரும் கொடுத்து நாம் தடுத்த ஒன்று, இன்று தமிழ் முகமூடி அணிந்து, வாயில் இந்தி அசைவோடு, நம் குழந்தைகளின் எதிரில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றது. அதனைத் தடுக்க மறியல் போதாது. தமிழிலேயே நினைத்து எழுதவல்லவர் ஆயிரவர் வேண்டும். அவர்களை நாம் உருவாக்கினோமா?

உயிரும் பொருளும்

எழுதத் தெரியாமையால் வரும் கேடு, காதுக்கு இன்னாமை மட்டுமன்று. பூச்சிக்கொல்லிக் குடுவையை எடுத்துப் பாருங்கள். நஞ்சின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறக்குறியிட்டு, விளக்கத்தை வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி நெறிமுறைகளின் கட்டளை. அச்சிடுகின்றார்கள், மறுக்கவில்லை. ஆனால், மடித்து மடித்து வைத்த அத்தாளில் உள்ள தமிழ், எந்த உழவனுக்காக எழுதப்பட்டதோ அந்த உழவனுக்கு விளங்குகின்றதா? வடசொல் பாதி, ஒலிபெயர்த்த ஆங்கிலம் பாதி, எழுவாய் ஓரிடத்தும் பயனிலை ஐந்து வரி தள்ளியும் கிடக்கும் தொடர்கள். எவ்வளவு நீரில் எவ்வளவு மருந்து கலப்பது, தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுப்பது, மேலே பட்டுவிட்டால் உடனே என்ன செய்வது என்னும் மூன்றையும், அவன் வயல் வரப்பில் நின்றபடியே விளங்கிக்கொள்ளுமாறு மூன்று வரிகளில் எழுத ஒருவர் கிடைக்கவில்லையா? மயங்க வைத்தல் என்று நன்னூலார் சொன்ன குற்றம், ஏட்டில் இருந்தால் பொருள் மயங்கும்; நஞ்சுக் குடுவையின்மேல் இருந்தால் ஆள் மயங்குவான்.

முதலீட்டு விளம்பரங்களின் இறுதியில் வரும் எச்சரிக்கையையும் கேட்டிருப்பீர்கள். சந்தையில் இடர் உண்டு, ஆவணங்களைப் படித்துப் பார்த்துப் பணம் இடுக என்பதே அதன் கருத்து. அதனைப் "பரஸ்பர நிதி", "அபாயங்கள்", "உட்பட்டவை" என்னும் சொற்களால் கட்டி, பேய் துரத்துவதுபோல் மூச்சுவிடாமல் ஓதி முடித்துவிடுகின்றார்கள். பணம் பெருகும் என்னும் பகுதிக்கு இனிய குரலும் மெல்லிசையும் நிறைந்த நேரமும். பணம் போகலாம் என்னும் பகுதிக்கு விளங்காத மொழியும் ஓட்டமும். பணி ஓய்வில் வந்த பொருளையும் மகள் திருமணத்திற்குச் சேர்த்த பொருளையும் கையில் வைத்திருக்கும் தமிழன் இதனைக் கேட்டு என்ன விளங்கிக்கொள்வான்? விளங்கிவிடக் கூடாது என்பதே இங்கு நோக்கமோ என்று ஐயுற வேண்டியுள்ளது. நல்ல தமிழைக் கேட்பது, மொழிப் பற்றாளர்களின் தனிப்பட்ட வேட்கை என்று எண்ணற்க. தமக்கு விற்கப்படுவது இன்னது என்று தம் மொழியில் அறியும் உரிமை, வாங்கும் ஒவ்வொருவர்க்கும் உரியது.

"தூய தமிழ் விற்காது" என்பார்க்கு

வணிகரும் விளம்பரக்காரரும் வழக்கமாகச் சொல்லும் விடை ஒன்றுண்டு: "தூய தமிழ் மக்களுக்கு விளங்காது, விளங்காதது விற்காது." இது பொய் என்பதற்கு அவர்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழே சான்று. ஒருகால் அது 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை'யாக இருந்தது. 'அக்ராசனர்' தலைவரானார், 'காரியதரிசி' செயலாளரானார், 'பொக்கிஷதார்' பொருளாளரானார், 'அபேட்சகர்' வேட்பாளரானார், 'வந்தனோபசாரம்' நன்றியுரை ஆயிற்று, 'நமஸ்காரம்' வணக்கம் ஆயிற்று. இச்சொற்கள் விளங்கவில்லை என்று எந்தச் சிற்றூரில் எந்தக் கிழவி முறையிட்டாள்? 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபோது நகைத்தவர்களின் பேரன்மார், இன்று நகைப்பின்றி அச்சொற்களைத்தான் வழங்குகின்றனர். ஐயத்தோடு பார்க்கப்பட்ட அச்சொற்களை மக்கள் ஏற்றதற்குக் கரணியம், அவை தூயனவாக இருந்தது மட்டுமன்று. சொல்லும்போதே பொருள் தெரிந்தது என்பதுமாம். வேட்பவர் வேட்பாளர், பொருளை ஆள்பவர் பொருளாளர். அகரமுதலியைப் புரட்ட வேண்டாவே! பல நூறாயிரம் மக்களைத் திரட்டி ஆட்சியையே மாற்றிய மேடைத்தமிழ் விற்காத தமிழா? 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய ஆதித்தனார், எளிய குறுந்தொடர்களால் எழுதுமாறு தம் செய்தியாளரைப் பழக்கித் தேநீர்க் கடைதோறும் படிப்போரை உண்டாக்கினாரே, அது விற்காத தமிழா?

அரசின் கட்டளையையும் இவர்கள் ஏய்க்கக் கற்றுக்கொண்டனர். பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக, தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்னும் அளவில் அமைய வேண்டும் என்பது தமிழ்நாட்டின் நெறிமுறை. உடனே, "ஃபேன்ஸி ஸ்டோர்ஸ்" என்பதைப் பெரிய தமிழெழுத்தில் எழுதி மாட்டிவிட்டார்கள். எழுத்துத் தமிழ், சொல் ஆங்கிலம். 2006-இல் தமிழ்ப்பெயர் சூட்டும் திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்தபோதும் இதுவே நிகழ்ந்தது. தலைப்புகள் தமிழாயின, பாட்டும் உரையாடலும் இருந்தபடியே இருந்தன. சட்டத்தால் எழுத்தை மாற்றலாம். எழுதுவோனை மாற்ற இயலாது.

நம்மவர்க்கும் ஒரு சொல்

பிறரைச் சாடியது போதும். தனித்தமிழ் எழுதுகின்றோம் என்னும் நம் தோழர்களுள் சிலர்க்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இதனைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அரைக் கட்டுரை ஆகும்.

"பயன்படுத்தி வேறுபாட்டை உணருங்கள்" என்னும் தொடரைப் பாருங்கள். மூன்று சொற்களும் தூய தமிழ். ஆனால் தொடர் ஆங்கிலம். எந்தத் தமிழச்சியும் அண்டை வீட்டாளிடம் இப்படிப் பேசியதில்லை. "ஒருமுறை வாங்கிப் பாருங்கள், பிறகு நீங்களே சொல்வீர்கள்" என்பாள். வடசொல்லை நீக்கி அவ்விடத்தில் தமிழ்ச்சொல்லை நட்டுவிட்டால் தமிழாகிவிட்டது என்று எண்ணுவோர், அயலான் வீட்டுச் சுவரைத் தமிழ்ச் செங்கல்லால் கட்டுகின்றவர்களே. சொல் தூய்மை தேவை, அது முதற்படி. தொடர் தூய்மை அதனினும் அரிது. அதற்குத் தமிழ் மக்கள் பேசும் பேச்சின் ஓட்டமும், பழமொழியின் முடுக்கும், நம் இலக்கியத்தின் அடக்கமும் காதில் ஏறியிருக்க வேண்டும்.

ஒரு நூறு கடுஞ்சொற்களைத் திரட்டி ஒரே பத்தியில் அடுக்கிவிட்டு, "விளங்கவில்லை என்றால் தமிழைக் கற்றுக்கொண்டு வா" என்று படிப்போனை விரட்டுகின்றவர்களும் நம்மிடையே உளர். அவர்கள் பகைவர் கைக்கு வாளைத் தீட்டித் தருகின்றனர். "பார்த்தீர்களா, தூய தமிழ் விளங்காது" என்று சொல்ல, வணிகனுக்கு அவர்கள் பத்தியே சான்றாகிவிடுகின்றது. பாவாணர் வேர்ச்சொல் ஆராய்ந்து ஆயிரக்கணக்கில் சொற்களை நமக்கு ஈட்டி வைத்தது, அவற்றைக் காட்சிப்பொருளாக அடுக்குவதற்கன்று. மக்கள் நாவில் ஏற்றுவதற்கு. குளம்பி என்னும் சொல்லைக் கட்டுரையில் எழுதிவிட்டுக் கடையில் போய்க் காப்பி கேட்கின்றவரால் அச்சொல் ஒருநாளும் வாழாது. நாவில் பழகாத சொல் எழுதுகோலில் உயிர்பெறாது.

செய்யத்தக்கவை

அழுது பயனில்லை. செய்யத்தக்கவற்றைச் சொல்வோம்.

ஊர்தோறும் நம் அன்பர்கள் ஐவர் கூடுக. தம் தெருவில் உள்ள பலகைகளைப் படித்துப் பிழைகளைக் குறித்துக்கொள்க. கடைக்காரரிடம் சென்று, சினவாமல், திருத்திய தொடரை அழகாக எழுதிக் கையில் கொடுக்க. அடுத்த முறை பலகை எழுதும்போது அவர் நம்மைத் தேடி வருவார். பலகை எழுதும் ஓவியர்களையும் அச்சகத்தாரையும் நண்பராக்கிக் கொள்க. அவர்களுள் ஒருவர் திருந்தினால் ஆயிரம் பலகைகள் திருந்தும். பிழைபட்ட விளம்பரம் வரும் பெருநிறுவனங்களுக்கு, எது பிழை, எது திருத்தம், எதனால் என்று மூன்று வரியில் மடல் எழுதுக. நூறு மடல்கள் சென்றால் அவர்கள் நடுங்குவர். வணிகனுக்கு மொழிப்பற்று இல்லையாயினும் வருவாய்ப் பற்று உண்டு.

கல்லூரித் தமிழ்த் துறைகள், விளம்பரம் எழுதுவதையும் மருந்துக் குறிப்பு எழுதுவதையும் அறிவிப்பு எழுதுவதையும் தொழிலாகப் பயிற்றுக. நன்னூலின் பத்து அழகுகளைத் தேர்வுக்காக உருப்போட்ட மாணவனிடம் ஒரு வழலைக்கட்டியைக் கொடுத்து, அவ்வழகுகளுள் இரண்டேனும் அமையப் பத்துச் சொற்களில் எழுதச் சொல்க. அப்பொழுது தெரியும், எழுதுதல் எத்துணை அரிது என்பது. தமிழ் படித்தவன் வேலையின்றி அலைய, தமிழ் படியாதவன் தமிழ் எழுதிப் பொருள் ஈட்டும் இழிநிலை அதன்பிறகே நீங்கும்.

எழுதும் அன்பர்கள் தமக்குத் தாமே ஒரு கட்டளை இட்டுக்கொள்க. எழுதியதைத் தாய்க்கோ, தங்கைக்கோ, அண்டை வீட்டு உழவருக்கோ வாய்விட்டுப் படித்துக் காட்டுக. அவர்கள் புருவம் நெளியும் இடம் எதுவோ, அங்கே நீங்கள் தவறியிருக்கின்றீர்கள். அச்சொல்லை அடித்துவிட்டு, அதனினும் எளிய தூய சொல்லைத் தேடுக. அது கிடைக்கும், தமிழில் இல்லாத சொல் அன்று, நாம் தேடாத சொல்லே மிகுதி. ஒரு வரிக்கு ஒரு நாள் ஆயினும் ஆகட்டும்.

தமிழ் நெஞ்சங்களே! தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுவதற்கு ஒரு நொடி போதும். அச்சுவரின் மற்றப் பகுதிகளில் உள்ளவற்றையும் தமிழாக்குவதற்கு ஒரு தலைமுறை உழைக்க வேண்டும். இன்று மாலை வீடு திரும்பும்போது உங்கள் தெருமுனைப் பலகையை நின்று படியுங்கள். அதில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தால், உங்கள் பணி அங்கிருந்து தொடங்குகின்றது.